மரத்தடியில் ஓர் ஆங்கில ஆசிரியர்

மல்லேஸ்வரத்தில் ஒரு ஞாயிறு மாலை வகுப்பு முடிந்தபின் ஓர் இளைஞர் தயங்கி நின்றார். மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர். ஆறு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் ஊதியமின்றி ஆங்கிலம் கற்பிக்கப் போவதாகச் சொன்னார். உடன் எந்தெந்த நூல்களை எடுத்துச் செல்லலாம் என்பது அவருடைய கேள்வி. இலக்கண நூல்களின் பெயர்களை எதிர்பார்த்திருப்பார். எனக்கோ வில்லியம் வின்ஸ்டன்லி பியர்சன் என்னும் ஆங்கிலேயரின் நினைவு வந்தது.

காந்தியடிகளின் வரலாற்றையும் மகாகவி தாகூரின் வரலாற்றையும் படித்தவர்கள் இப்பெயரை அறிவார்கள். ஆயினும் தீனபந்து ஆண்ட்ரூஸின் பெயரைத் தொடர்ந்து நிழல்போல வந்து போய்விடும் பெயர் இது. தமிழில் அவரைத் தனியே எழுதியவர்கள் மிகச் சிலரே.

பியர்சன் 1881-ஆம் ஆண்டு மே மாதம் மான்செஸ்டர் நகரில், ஒரு கிறிஸ்தவ போதகரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கல்வி கற்றார். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகக் கல்கத்தாவுக்கு வந்து, பவானிப்பூரில் இருந்த அச்சங்கத்தின் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். வங்காள மாணவர்களுடன் நெருங்கிப் பழகினார்; வங்க மொழியைக் கற்றுக்கொண்டார். மொழியைக் கற்றதோடு வேறொன்றும் நிகழ்ந்தது. தாம் கொடுக்க வந்தவர், இந்த மக்கள் பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் என்ற உறவு அவருக்கு நிறைவளிக்கவில்லை. மிஷன் பணியிலிருந்து விலகினார்.

1912-இல் லண்டனில் தாகூரைச் சந்தித்தார். அவ்வாண்டின் இறுதியில், கவிஞர் அமெரிக்காவில் இருந்த காலத்திலேயே, போல்பூரில் ரயிலிறங்கிச் சாந்திநிகேதனத்தைப் பார்க்கச் சென்றார். பீர்பூம் மாவட்டத்தின் வறண்ட செம்மண் பூமி அது. சுற்றிலும் சால மரங்கள், பனைகள், சற்றுத் தொலைவில் சந்தால் பழங்குடியினரின் குடிசைகள். 1901-இல் தாகூர் தொடங்கிய பிரம்மசரிய ஆசிரமம் அங்கே நடந்துவந்தது. பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, கிணற்றடியில் குளித்து, தனித்தனியே அமர்ந்து சிறிது நேரம் தியானம் செய்வார்கள். பிறகு ஆளுக்கொரு சிறு ஆசனத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவார்கள். அதுவே வகுப்பறை. அந்த இடம் பியர்சனின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது.

ஆனால் உடனே அங்கே தங்கிவிட முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் உச்சத்தில் இருந்தது. கோகலேயின் விருப்பப்படி ஆண்ட்ரூஸும் பியர்சனும் கப்பலேறி, 1914 ஜனவரி தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தை அடைந்தனர். ஆண்ட்ரூஸ் சமரசப் பேச்சில் காந்தியடிகளுக்குத் துணை நின்றார். பியர்சன் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று ஒப்பந்தக் கூலிகளின் நிலையை விசாரித்தார். அக்கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை உயிர்நீத்ததும் அந்தப் பிப்ரவரியில்தான். நம் நாட்டு ஏழைகளின் கண்ணீரை அவர்களுடைய குடியிருப்புகளுக்கே சென்று கண்ட ஆங்கிலேயர், அதன் பிறகே அந்த மரத்தடிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தார். இந்த வரிசையை நாம் மறந்துவிடலாகாது.

1914-இல் பியர்சன் சாந்திநிகேதனவாசி ஆனார். பாடம், ஆங்கிலம். அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் முறையும் பிற பள்ளிகளைப் போன்றதன்று. தாகூரே பிள்ளைகளுக்கென ஆங்கிலப் பாடநூல்கள் எழுதியிருந்தார். அவற்றுள் ஒன்றின் பெயரில் சுருதி என்ற சொல் இருக்கிறது. மொழியைக் காதால் கேட்டும், கேட்டபடி செய்தும் முதலில் பழக வேண்டும், எழுத்து பின்னால் வரட்டும் என்பது கருத்து. வேதம் பயின்ற மரபு அந்நிய மொழிப் பாடத்துக்கும் வழிகாட்டியது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. பியர்சனின் பிள்ளைகள் அவரிடம் ஆங்கிலம் கேட்டார்கள். அவரும் அவர்களிடமிருந்து வங்காளம் கேட்டார். மாலையில் அவர்களுடன் விளையாடினார். நோயுற்ற பிள்ளைகளின் அருகில் அமர்ந்தார். சந்தால் குடியிருப்புகளுக்குச் சென்று அம்மக்களோடு பழகினார். அவர்களுக்கு எழுத்தறிவிக்கும் பணியில் ஈடுபட்டார். ஆசிரமத்திலேயே யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத எளியவர்கள் அவர்கள்.

காந்தியடிகளின் பீனிக்ஸ் ஆசிரமப் பிள்ளைகள் 1914-இன் இறுதியில் சாந்திநிகேதனத்துக்கு வந்து தங்கினர். அவர்களில் தமிழ்ச் சிறுவர்களும் இருந்தனர். 1915 பிப்ரவரியில் காந்தியடிகளும் வந்தார். சமையற்காரர்களை நிறுத்திவிட்டு ஆசிரியர்களும் மாணவர்களுமே சமையல், துப்புரவு அனைத்தையும் செய்தால் என்ன என்று கேட்டார். மார்ச் 10-ஆம் நாள் அது தொடங்கியது. நூற்றிருபத்தைந்து பிள்ளைகள் இருந்த இடம். சிலருக்கு விரைவிலேயே சலிப்பு வந்தது, விவாதங்கள் எழுந்தன. சலிக்காதவர் பியர்சன். பெரிய அண்டாக்களையும் பாத்திரங்களையும் தேய்க்கும் வேலையைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். தேய்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டாமலிருக்க, மாணவர்கள் சிலர் அருகில் அமர்ந்து சிதார் வாசிப்பார்களாம். இதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் மறவாமல் குறித்திருக்கிறார். ஆளும் இனத்தைச் சேர்ந்த கேம்பிரிட்ஜ் பட்டதாரி, ஒரு வங்காளக் கிராமத்தில் கரிபிடித்த பாத்திரத்தோடு அமர்ந்திருக்கிறார். அவர் நடத்திய பாடங்களில் மிகச் சிறந்தது அதுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தச் சோதனை நெடுநாள் நீடிக்கவில்லை என்றாலும், ஆண்டுதோறும் மார்ச் 10 அன்று அங்கே அதன் நினைவாகப் பணியாளர்களுக்கு ஓய்வளித்து, மற்றவர்கள் அவர்கள் வேலையைச் செய்யும் வழக்கம் ஏற்பட்டது.

1915-இலேயே ஆண்ட்ரூஸுடன் ஃபிஜித் தீவுகளுக்குச் சென்று, அங்கிருந்த ஒப்பந்தக் கூலிகளின் அவலத்தை விசாரித்தார். இருவரும் அளித்த அறிக்கை, அம்முறையை ஒழிக்க எழுந்த குரலுக்கு வலுவூட்டியது. ஆள் திரட்டுவது 1917-இல் நின்றது. 1920-இன் தொடக்கத்தில் ஃபிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

1916-இல் தாகூருடன் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம். அவ்வாண்டே சாந்திநிகேதனப் பள்ளியைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் வெளிவந்தது. அப்பள்ளியில் பணிபுரிந்து இளமையிலேயே மறைந்த சதீஷ் சந்திர ராய் என்ற ஆசிரியர் எழுதிய குருதட்சிணைக் கதையையும் தாமே மொழிபெயர்த்து அதில் சேர்த்திருந்தார். தம் நூலில் முன்னோர் ஒருவருக்கு இடம் ஒதுக்கும் பணிவு எல்லா நூலாசிரியர்களுக்கும் வாய்ப்பதில்லை.

பின்னர் ஜப்பானில் தங்கியிருந்தபோது, இந்தியா சுதந்திரம் பெற வேண்டும் என்று வாதிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். 1917-இல் டோக்கியோவில் அது அச்சாயிற்று. பிரிட்டிஷ் அரசு அந்நூலைத் தடை செய்தது. 1918-இல் பீகிங் நகரில் அவரைக் கைது செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. இந்தியா திரும்ப அனுமதியில்லை. தம் சொந்த நாடே அவருக்கு நாடுகடத்தப்பட்ட இடமாயிற்று. ஒரு கிராமப் பள்ளி ஆசிரியரைக் கண்டு ஒரு பேரரசு ஏன் அஞ்ச வேண்டும்? ஆங்கில மொழி ஆட்சியின் கருவியாக இருந்த காலத்தில், அதே மொழியை அன்பின் கருவியாக ஒருவர் கையாண்டார். பேரரசு அதை இன்னும் கூர்மையாகவே புரிந்துகொண்டது போலும்.

மீண்டும் அவர் சாந்திநிகேதனத்தில் கால் வைத்தது 1921-இல். அவ்வாண்டின் இறுதியில் விசுவபாரதி முறைப்படி நிறுவப்பட்டது. பியர்சனோ பழைய மரத்தடிக்கே வந்து சேர்ந்தார். தாகூரின் கோரா நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பணியும் அவருடையதாயிற்று. தன்னை இந்துவென்று நம்பி வாழும் கதாநாயகன், பிறப்பால் தான் ஐரிஷ்காரன் என்று இறுதியில் அறிகிறான். அதன் பின்னரே தன்னை முழு இந்தியனாக உணர்கிறான். அப்பக்கங்களை மொழிபெயர்த்தபோது பியர்சனின் பேனா சற்று நின்றிருக்கும் என்றே மொழிபெயர்ப்பாளனாகிய நான் நினைத்துக்கொள்கிறேன்.

அச்சுப் பிரதியை அவர் பார்க்கவில்லை. உடல்நலம் குன்றி 1923-இல் ஐரோப்பா சென்றவர், இத்தாலியில் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தார். பிஸ்டோயா என்ற ஊரின் மருத்துவமனையில், அச்செப்டம்பரிலேயே, 42-ஆம் வயதில் காலமானார். கோராவின் ஆங்கில ஆக்கம் 1924-இல் வெளிவந்தது. சாந்திநிகேதனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அருகிலுள்ள சந்தால் குடியிருப்பு பியர்சன் பள்ளி என்று வழங்கலாயிற்று. வங்காளத்தில் பள்ளி என்றால் சிற்றூர். நம் தமிழிலும் அச்சொல்லுக்கு அப்பொருள் பழமையானதே.

இவ்வளவும் கேட்ட அந்த இளைஞர், நூற்பட்டியலை மறந்துவிட்டு வேறொன்று கேட்டார். தாம் போகும் கிராமத்தின் மொழியை, புறப்படுவதற்கு மீதமுள்ள இரண்டு மாதங்களில் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்று.