ஒளியைப் பேசவைத்த பெல்

தொலைவில் இருப்போர்க்குச் செய்தி அறிவிக்க மனிதன் ஒளியைத் துணைக்கொண்டது மிகப் பழைய வழக்கமாகும். குன்றின்மேல் மூட்டிய தீ, பகைவர் வரவை ஊரார்க்கு உணர்த்தியது. கலங்கரை விளக்கம், இருளில் திசை தடுமாறிய மரக்கலங்களுக்குக் கரையைக் காட்டியது. ஆயினும், அவ்வொளி குறிப்புக் காட்டியதேயன்றி வாய் திறந்து பேசவில்லை. மனிதனின் குரலையே ஒளியின்மீது ஏற்றி அனுப்பலாம் என்பதைச் செய்து காட்டியவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஆவார். தொலைபேசியைக் கண்டவர் என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. ஆனால், தம் கண்டுபிடிப்புகளுள் தலையாயது வேறொன்று என்பதே அவருடைய கருத்து.

பெல், 1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் மெல்வில் பெல், பேச்சுக்கலை பயிற்றும் ஆசிரியர். ஒவ்வோர் ஒலியும் பிறக்கும்போது நாவும் இதழும் தொண்டையும் கொள்ளும் நிலைகளை வரிவடிவால் காட்டும் முறை ஒன்றை அவர் வகுத்தார். எழுத்துகளின் பிறப்பை இலக்கணத்தில் பயின்ற மாணவர்க்கு இம்முறையின் அருமை எளிதில் விளங்கும். அன்னையாரோ செவிப்புலன் குன்றியவர். சிறுவராகிய பெல், அன்னையின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவார். அவ்வதிர்வின் துணையால் அன்னையார் மகன் சொல்வதை அறிந்துகொள்வார். ஒலி என்பது அதிர்வே என்னும் உண்மை, நூலறிவாக வருமுன்னரே அன்பின் வழியாக அவர் நெஞ்சில் பதிந்தது.

பெல்லின் உடன்பிறந்தார் இருவரும் காசநோய்க்கு இரையாயினர். எஞ்சிய ஒரு மகனையேனும் காக்க வேண்டும் என்று எண்ணிய பெற்றோர், 1870ஆம் ஆண்டில் அவரை அழைத்துக்கொண்டு கனடா நாட்டில் குடியேறினர். மறு ஆண்டு பெல், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பாஸ்டன் நகரை அடைந்து, செவிப்புலன் இழந்த சிறார்க்குப் பேசக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். பகலெல்லாம் கற்பித்தல்; இரவெல்லாம் ஆராய்ச்சி. கம்பியின் வழியே பேச்சை அனுப்பும் முயற்சி, 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் வெற்றி பெற்றது. பெல் பேசிய சொற்களை, மற்றோர் அறையில் இருந்த உதவியாளர் வாட்சன் கருவியின் வாயிலாகத் தெளிவாகக் கேட்டார். தொலைபேசி பிறந்தது. அடுத்த ஆண்டில், இளமையிலேயே செவிப்புலன் இழந்தவரும் தம் மாணவியுமாகிய மேபெல் என்பாரைப் பெல் மணந்தார்.

புகழும் செல்வமும் அவரைத் தேடி வந்தன. வேறொருவராயின் அவற்றைத் துய்த்து ஓய்ந்திருப்பர். பெல்லின் உள்ளமோ ஓயவில்லை. குரல் செல்லக் கம்பி ஒன்று வேண்டியிருத்தல் அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியது. 1873ஆம் ஆண்டில் வில்லோபி ஸ்மித் என்னும் பொறியாளர், கடலடிக் கம்பிகளைச் சோதிக்கும் பணியின்போது, செலீனியம் என்னும் பொருளின் வியத்தகு இயல்பைக் கண்டறிந்தார். ஒளி பட்டால் செலீனியம் மின்சாரத்தை மிகுதியாகச் செல்லவிடும். ஒளி குறைந்தால் அதனைத் தடுக்கும். ஒளியின் ஏற்றத்தாழ்வை மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வாக மாற்ற இயலுமானால், ஒளியைக்கொண்டே பேசலாம் அல்லவா? இவ்வெண்ணம் பெல்லைப் பற்றிக்கொண்டது.

வாஷிங்டன் நகரில் சார்லஸ் சம்னர் டெயின்டர் என்னும் கருவி வல்லுநருடன் சேர்ந்து அவர் உழைத்தார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘ஒளிபேசி’ உருவாயிற்று. அதன் அமைப்பு எளியது. வளையும் இயல்புடைய மெல்லிய ஆடி ஒன்றின்மீது கதிரவன் ஒளி விழும். ஆடியின் பின்புறத்தில் ஒருவர் பேசுவார். குரலின் அதிர்வால் ஆடி குவிந்தும் குழிந்தும் அசையும். அதனால், அதில் பட்டுச் செல்லும் ஒளிக்கற்றை ஒரு கணம் செறியும், மறுகணம் விரியும். அப்பால் இருக்கும் குழிவான பேராடி அவ்வொளியைத் திரட்டிச் செலீனியத்தின்மீது வீழ்த்தும். செலீனியத்தோடு இணைந்த மின்கலமும் தொலைபேசியும் ஒளியின் மாற்றத்தை மீண்டும் குரலாக்கும். ஒரே சீராக வரும் ஒளியை, அனுப்ப விரும்பும் செய்திக்கேற்ப இவ்வாறு மாறச் செய்வதையே அறிவியலார் பண்பேற்றம் என்பர்.

அவ்வாண்டிலேயே கருவி வெட்டவெளியிலும் சோதிக்கப்பட்டது. டெயின்டர், பிராங்கிளின் பள்ளியின் கூரைமேல் நின்று ஒளிபேசியில் பேசினார். ஏறத்தாழ 213 மீட்டர் தொலைவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பெல் காத்திருந்தார். தம் பேச்சுக் கேட்குமாயின் பலகணியருகே வந்து தொப்பியை அசைக்குமாறு டெயின்டர் வேண்டினார். பெல்லின் தொப்பி அசைந்தது! இடையில் கம்பி இல்லை. கதிரொளி ஒன்றே இருந்தது. அவ்வாண்டில் பிறந்த தம் இரண்டாம் மகளுக்கு அக்கருவியின் பெயரையே சூட்டிவிட விரும்பும் அளவிற்குப் பெல் மகிழ்ந்தார். மனைவியார் இசையாமையால் குழந்தை மாரியன் என்னும் பெயர் பெற்றது.

எனினும், உலகம் ஒளிபேசியைக் கைக்கொள்ளவில்லை. முகில் மறைத்தால் பேச்சு நின்றது. மழையும் மூடுபனியும் ஒளியைச் சிதைத்தன. இரவில் கதிரவன் இல்லை. கம்பித் தொலைபேசியோ எல்லாக் காலத்தும் பேசியது. தொலைபேசியினும் ஒளிபேசியே உயர்ந்தது என்று பெல் இறுதிவரை கருதினார். ஆயினும், அது நாட்டில் வழங்கக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1922ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் அவர் கனடாவில் காலமானார். அவரை அடக்கம் செய்த வேளையில் வட அமெரிக்காவின் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனம் காத்தன.

ஒளிபேசியின் கொள்கையில் பிழையில்லை. அதற்குத் தேவைப்பட்டவை இரண்டு: கதிரவனை எதிர்நோக்காத சீரிய ஒளி ஒன்று, மழையும் பனியும் தீண்டாத பாதை ஒன்று. 1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1966ஆம் ஆண்டில் சார்லஸ் காவ் என்னும் அறிஞர், கண்ணாடி இழையில் ஒளி விரைவில் மங்குவதற்கு அதில் கலந்துள்ள மாசுகளே காரணம் என்றும், அவற்றை நீக்கினால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்றும் எடுத்துரைத்தார். 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அத்தகைய தூய இழையை உருவாக்கினர். 1988ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலடியில் ஒளியிழை வடம் இடப்பட்டது.

இன்று குரல் அப்படியே ஒளியின்மேல் ஏறுவதில்லை. நிலைபெற்ற தொலைபேசி முறையில் அது நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் ஒன்று, சுழி என்னும் இலக்கங்களாக எழுதப்படுகிறது. எளிய முறையில், ஒன்றுக்கு லேசர் ஒளி மிகும், சுழிக்குக் குறையும். மறுமுனையில் உள்ள உணர்கருவி அதனை மின்சாரமாக மாற்றும். நுண்ணிய லேசர் ஒளி நொடிக்குப் பல நூறு கோடி முறை இவ்வாறு மாறவல்லது. ஆதலின், எண்ணற்றோரின் பேச்சும் எழுத்தும் படமும் தலைமயிர் போன்ற ஓர் இழையில் ஒருங்கே செல்கின்றன. அசையும் ஆடியின் தொழிலை லேசரும், செலீனியத்தின் தொழிலை உணர்கருவியும் செய்கின்றன; அடிப்படை, பெல் கண்டதே.

விதைத்தவனே கனியை உண்ணவேண்டும் என்னும் நியதி இல்லை. பனை விதைத்தவன் அதன் பயனைத் தான் துய்ப்போமோ என்று எண்ணி விதைப்பதில்லை. தம் காலம் ஏற்காத ஒன்றை, உண்மை என்று தெளிந்தமையால் பெல் உயர்வாகவே மதித்தார். காலம் தாழ்ந்தேனும் உலகம் அவ்வழிக்கே வந்தது. உடனே பயன் தரவில்லை என்று நல்முயற்சியை இகழாதிருத்தலே, அவர் வாழ்விலிருந்து நாம் கற்கத்தக்க பாடமாகும்.