ஜெயிலுக்குப் போன எழுத்தாளர், துரத்திய கம்பெனிக்கே கொடுத்த ஹிட்... யார் இந்த ரிங் லார்ட்னர் ஜூனியர்?

1971 ஏப்ரல், ஆஸ்கர் விழா. கொரியப் போரில் ராணுவ டாக்டர்கள் அடிக்கும் லூட்டியைக் காட்டிய 'மேஷ்' படத்துக்கு 5 பரிந்துரைகள். கிடைத்தது ஒன்றே ஒன்று: தழுவல் திரைக்கதை விருது. அதை வாங்கிய 55 வயது மனிதரை, 23 வருஷத்துக்கு முன்னாடி இதே ஹாலிவுட்தான் வேலையை விட்டுத் துரத்தியது. ஜெயிலுக்கும் போய் வந்தவர் அவர்.

ரிங் லார்ட்னர் ஜூனியர் பிறந்தது 1915-ல், சிகாகோவில். அப்பா ரிங் லார்ட்னர், பேஸ்பால் கதைகளாலும் நையாண்டியாலும் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பெயர். அண்ணன் தம்பி 4 பேர், நாலு பேருக்கும் எழுத்துதான் பிழைப்பு. அண்ணன் ஜேம்ஸ், ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதப் போய், அங்கேயே துப்பாக்கி தூக்கி 1938-ல் இறந்துபோனார். தம்பி டேவிட் போர்ச் செய்தியாளர். 1944-ல் ஜெர்மனியில் கண்ணிவெடிக்குப் பலியானார். போரை வைத்து காமெடி எழுதிய மனிதரின் வீட்டுக் கணக்கு இது. டேவிட்டின் மனைவியான நடிகை ஃபிரான்சஸ் செனியை 1946-ல் ரிங் திருமணம் செய்துகொண்டார்.

அதற்குள் ஹாலிவுட்டில் அவர் பெரிய ஆள். 1942-ல் வந்த 'வுமன் ஆஃப் தி இயர்' படத்துக்காக மைக்கேல் கானினுடன் சேர்ந்து முதல் ஆஸ்கர். 1947-ல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸில் வாரம் 2,000 டாலர் சம்பளம். அந்தக் காலத்தில் அது செம தொகை.

அப்புறம் ஏன் ஜெயில்?

அது கம்யூனிச பயம் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு, சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது: நீங்கள் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா? லார்ட்னர் உண்மையிலேயே உறுப்பினர்தான். ஆனா அதைக் கேட்க அரசுக்கு உரிமை இல்லை என்பது அவர் கட்சி. பதில் சொல்ல முடியும், சொன்னால் மறுநாள் காலையில் தன்னையே தனக்குப் பிடிக்காமல் போகும் என்ற அர்த்தத்தில் அவர் சொல்ல, குழுத் தலைவர் பார்னெல் தாமஸ் கடுப்பாகி அவரை வெளியே அனுப்பினார். ஃபாக்ஸ் வேலையைப் பறித்தது. 'ஹாலிவுட் டென்' என்று பெயர் வாங்கிய 10 பேரில் அவரும் ஒருவர். நாடாளுமன்ற அவமதிப்புக்கு ஓராண்டு தண்டனை.

1950-ல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி சிறைக்குப் போனால், அங்கே கைதியாக இருந்தது யார் தெரியுமா? அதே பார்னெல் தாமஸ்! வேலையே பார்க்காத ஆட்களை சம்பளப் பட்டியலில் காட்டி அரசுப் பணத்தைச் சுருட்டிய வழக்கில் உள்ளே வந்திருந்தார். சினிமாவில் வைத்தால் ஓவர் என்போம்.

வெளியே வந்தும் வேலை இல்லை. தடைப் பட்டியலில் இருப்பவரின் பெயர் திரையில் வரக் கூடாது. அதனால் நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டருடன் சேர்ந்து, பிரிட்டிஷ் டிவி தொடரான 'ராபின் ஹூட்'டுக்குப் புனைபெயர்களில் எழுதினார். 1965-ல் 'தி சின்சினாட்டி கிட்' வந்தபோதுதான் சொந்தப் பெயர் மறுபடி திரைக்கு வந்தது.

'மேஷ்' கதை

கொரியாவில் ராணுவ மருத்துவராக இருந்த ஒருவர், ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் எழுதிய நாவல் அது. பாராட்டி நாலு வரி எழுதித் தரச் சொல்லி, அச்சுக்கு முன்பே லார்ட்னருக்கு வந்தது. அவர் அதைத் தன் ஏஜென்ட் இங்கோ பிரெமிங்கரிடம் கொடுக்க, பிரெமிங்கர் தயாரிப்பாளரே ஆகிவிட்டார். படத்தை எடுத்த கம்பெனி? அதே ஃபாக்ஸ்.

இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன், நடிகர்களை இஷ்டத்துக்குப் பேசவிட்டார். எழுதிய வசனம் பல இடங்களில் காணாமல்போக, லார்ட்னருக்கு வருத்தம். கடைசியில் ஆஸ்கர் அந்தத் திரைக்கதைக்குத்தான் போனது! வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970-ல், பார்த்தவர்கள் கொரியாவை வியட்நாமாகவே எடுத்துக்கொண்டார்கள். கான் விழாவின் உயரிய விருதும் வந்தது. (படத்தில் நர்ஸ்களை நடத்தும் விதம் இன்றைக்குப் பார்க்க நெளிய வைக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இதே கதை 1972-ல் டிவி தொடராகி 11 சீசன் ஓடியது. அந்த எழுத்தாளர் அணியில் லார்ட்னர் இல்லை. 2000 அக்டோபர் 31 அன்று, 85 வயதில் நியூயார்க்கில் காலமானார். அந்த 10 பேரில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர்தான்.