69 வயதில் சிதம்பரத்தில் புது வேலை: ஐ.டி.காரர்கள் உ.வே.சா.வை ஏன் தெரிஞ்சுக்கணும்?

கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சிதம்பரம். அங்கே அண்ணாமலை பல்கலைக்கழகம். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.சி.ஏ. முடித்த ஐ.டி.காரர்கள் பலரின் சர்ட்டிஃபிகேட்டில் இருக்கும் பெயர் இது. அவர்களில் பலருக்கு இப்போது 45 வயதைத் தாண்டியிருக்கும். இருபது வருஷம் எழுதிய கோடை இன்று ஏஐ எழுதுகிறது. இனிமே புதுசா கத்துக்க முடியுமா என்ற கவலை வராமல் இருக்காது.

இந்தப் பல்கலைக்கழகம் உருவாவதற்கு முன்பு இதே ஊரில் மீனாட்சி தமிழ்க் கல்லூரி என்று ஒன்று இருந்தது. 1924-ல் அதற்கு முதல்வராக வந்தவருக்கு வயது 69. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 5 வருஷம் ஆகியிருந்தது. அவர்தான் உ.வே.சாமிநாதையர்.

தமிழ்த் தாத்தா, ஓலைச்சுவடி தேடி அலைந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆனால் அவர் குருவிடம் கற்ற தொழில் அதுவே இல்லை. நடுவில் பல முறை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

25 வயதில் விழுந்த அடி

1855-ல் பிறந்தவர், உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என அந்தக் காலத்தில் தமிழ்ப் படிப்பு என்றால் எதெல்லாமோ, அத்தனையும் படித்தார். 1880-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. மாதம் 50 ரூபாய் சம்பளம். லைஃப் செட்டில்.

அதே வருஷம் அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரிக்க, இவர் பெரிய பட்டியலே சொல்கிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தப் புத்தகங்களை இவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

தனக்குத் தெரிந்ததுதான் துறையே என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, துறை அதைவிடப் பெரிது என்று வேறு தொழில் பார்க்கும் ஒருவர் காட்டிவிட்டார். கோபப்பட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிவந்து படிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தால், ஒன்றும் புரியவில்லை.

ஓலையைப் படிப்பது அவ்வளவு கஷ்டமா?

கமென்ட், டாக்குமென்டேஷன் எதுவுமில்லாத பழைய கோடு கைக்கு வந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். 'ர'வும் துணைக்காலும் ஒன்றுதான். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே சில இடங்களில் தெரியாது.

எழுத்தைப் பிரித்துவிட்டாலும் சிந்தாமணி சமண நூல். இவர் படித்ததெல்லாம் சைவம். அதன் சொற்களும் தத்துவமும் இவருக்கு அந்நியம். கும்பகோணத்தில் சமணர்கள் அந்த நூலை முறையாகப் படித்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் வீட்டுக்கே போனார். கல்லூரி ஆசிரியர், மாணவனைப் போல உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். சைவர் ஒருவர் சமண நூலில் இவ்வளவு மூழ்குவதை அவரது சொந்த வட்டாரத்திலேயே பலர் ரசிக்கவில்லை.

இன்னொரு தலைவலி நச்சினார்க்கினியர் உரை. அவர் பழைய நூல்களிலிருந்து வரிகளை எடுத்துக் காட்டுவார், ஆனால் எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். ஒரு வரியின் மூலத்தைத் தேடிப் போனால் இன்னொரு முழு நூல் கிடைக்கும். பத்துப்பாட்டு அப்படித்தான் இவருக்கு அறிமுகமானது. கம்ப்யூட்டர் சர்ச் இல்லாத காலம். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று கையால் அகராதி எழுதி வைத்துக்கொண்டார். பிரதிக்குப் பிரதி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்தார். இரண்டு ஃபைலை டிஃப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த வேலையின் அலுப்பு நல்லாவே தெரியும்.

தவறினால் என்ன ஆகும்?

திருநெல்வேலிப் பக்கம் கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழைய ஏடுகளை ஹோமத் தீயில் போட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். பேக்கப் கிடையாது. இவர் பத்து வருஷம் தாமதித்திருந்தால் இன்னும் எத்தனை போயிருக்குமோ.

எனவே அச்சு. அதுவும் புதுத் தொழில். காகிதத்துக்குப் பணம் திரட்டுவது, முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது, விடுமுறையில் சென்னைக்கு ஓடி புரூஃப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் வேலையோடு வேலையாகக் கற்றார். சிந்தாமணி 1887-ல் வெளிவந்தது. பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894.

ஓலையில் செய்த பிழை பத்துப் பேருக்குத் தெரியும். அச்சில் செய்த பிழை ஊருக்கே தெரியும். சிந்தாமணியில் குறை கண்டுபிடித்துக் கண்டனங்கள் வந்தன. இவர் மேலும் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு, 1907-ல் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் வெர்ஷனே இறுதி என்று அவர் நினைக்கவில்லை.

43 வயதில் மணிமேகலை. அது பௌத்த நூல் என்பதால் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடக்கம். ஆங்கிலத்தில் பௌத்தம் படித்த பேராசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1898-ல் வந்த பதிப்பில் புத்தர் வரலாறு, தர்மம், சங்கம் பற்றித் தானே எளிய உரைநடையில் எழுதிச் சேர்த்தார். தான் தடுமாறிய இடத்தில் அடுத்தவர் தடுமாறக்கூடாது என்பதற்காக எழுதியது போலவே இருக்கும் அது.

(இந்தத் துறையில் அவருக்கு முன்னோடியான யாழ்ப்பாணத்து சி.வை.தாமோதரம் பிள்ளை கதையும் இதே மாதிரிதான். கணக்குத் துறை, பிறகு சட்டம், நீதிபதி. அவரைப் பற்றித் தனியாகவே எழுதணும்.)

சிதம்பரமும் அதற்குப் பிறகும்

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம், 1919-ல் ஓய்வு. பிறகுதான் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்துக்கு அழைத்தார். 1920-ல் தன் தாயார் பெயரில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியிருந்தவர் அவர். வாழ்நாள் முழுக்க அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்தியவர், இப்போது ஒரு கல்லூரியையே நடத்த வேண்டும். மூன்று வருஷம் இருந்தார். 1927-ல் பொறுப்பை விட்டுவிட்டு மறுபடி சென்னை, மறுபடி சுவடி. அந்தக் கல்லூரிகள் சேர்ந்து 1929-ல் அண்ணாமலை பல்கலைக்கழகம் ஆனது.

சிதம்பரத்திலிருந்து திரும்பியபோது வயது 72. பெரிய வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குறுந்தொகை பாக்கி இருந்தது. அதற்குப் பழைய உரை கிடைக்கவில்லை. மற்ற பல நூல்களில் பழைய உரையாசிரியர் கைபிடித்து நடந்தவர், இதற்குத் தானே உரை எழுதினார். 1937-ல் வெளிவந்தபோது வயது 82. அவரது பதிப்புகளில் இதுவே உச்சம் என்று சொல்பவர்கள் உண்டு.

அதோடு இன்னொரு மாற்றம். பண்டிதர்களுக்காக எழுதிவந்தவர் 1930-களில் கலைமகளில் சாதாரண வாசகர்களுக்காகக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் தன் வரலாற்றைத் தொடராக எழுதினார். சினிமாச் செய்தியும் ஜோக்கும் படிக்க விகடன் வாங்குகிற வாசகருக்கு, 84 வயதுப் பண்டிதர் வாராவாரம் எழுதினார். இன்று எடுத்தாலும் நிறுத்தாமல் படிக்க முடிகிற தமிழ் அது. மாணவர் கி.வா.ஜகந்நாதன் கூடவே இருந்து உதவினார். கை ஓயும்போது இளைய ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் ஒரு திறமைதானே.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் குண்டு வீசும் என்ற பயத்தில் சென்னை காலியானபோது, சுவடிகளோடு திருக்கழுக்குன்றத்துக்கு இடம் மாறினார். அங்கேதான் 1942 ஏப்ரல் 28 அன்று இறந்தார். தொடர் 122 அத்தியாயங்களோடு பாதியில் நின்றது. அவர் சேர்த்த ஏடுகளும் கையால் எழுதிய குறிப்புகளும் இப்போது சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கின்றன.