தையல் மெஷின் தந்த சினிமா

டிப்ளமோ என்றதும் உதட்டைப் பிதுக்கும் சொந்தக்காரர்கள் நம்ம எல்லார் வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் லூயி லூமியேர்.

1864-ல் பிரான்சில் பிறந்தவர். படித்தது லியோன் நகரத்துத் தொழில்நுட்பப் பள்ளி. 17 வயதிலேயே போட்டோ எடுக்கும் உலர் தகட்டை மேம்படுத்திக் காட்டினார். அப்பாவின் தொழிற்சாலை அதனால்தான் தலைநிமிர்ந்தது.

சினிமாவுக்கு அன்று இருந்த சிக்கல் இதுதான்: பிலிம் லென்ஸ் முன்னால் ஒரு கணம் நிற்க வேண்டும், பிறகு நகர வேண்டும், மறுபடி நிற்க வேண்டும். உடம்பு சரியில்லாமல் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் லூயிக்குப் பொறி தட்டியது. தையல் மெஷின் துணியை அப்படித்தானே விட்டுவிட்டு நகர்த்துகிறது! அண்ணன் ஒகுஸ்தோடு சேர்ந்து 1895 பிப்ரவரி 13-ல் பேட்டன்ட் வாங்கினார். டிசம்பர் 28-ல் பாரிஸ் கிராண்ட் கஃபேயில் 1 பிராங்க் டிக்கெட்டில் படம் ஓடியது. 1896 ஜூலை 7-ல் பம்பாய்க்கே வந்துவிட்டது.

அவரோடு வித்தை நின்றுவிடவில்லை. 1926-ல் பாரிஸில் போட்டோ, சினிமா கற்பிக்கும் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கியபோது லேயோன் கோமோனும் லூயியும் துணை நின்றார்கள். 1948-ல் லூயி காலமானார். பின்னாளில் அந்த அரசுப் பள்ளி அவர் பெயரையே சூடிக்கொண்டது. பேசாப் படம் எடுத்தவர் பெயரில் இன்று ஒலிப்பதிவுக்கும் தனிப் பிரிவு நடக்கிறது!

நண்பர்களே, ஒர்க்‌ஷாப்பில் ஓடும் ஒவ்வொரு மெஷினையும் நின்று பாருங்கள். அதற்குள் இன்னொரு மெஷின் ஒளிந்திருக்கலாம்.