மைதானம் தந்த புச்சி பாபு

நம்ம கோடம்பாக்கத்துலேர்ந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் மயிலாப்பூர் லஸ். அங்கே ஒரு பெரிய வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர் மகிபதி நாயுடு. ஊர் வைத்த செல்லப் பெயர் புச்சி பாபு. பிறந்தது 1868-இல்.

அந்தக் காலத்துச் சேப்பாக்கம் வெள்ளைக்காரர் கிளப்பின் கையில் இருந்தது. நம்மாட்கள் ஆடப் போனாலும் பெவிலியனுக்குள் இடம் கிடையாது, சாப்பாடு மரத்தடியில்தான். புச்சி பாபு அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை. 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். எஸ்பிளனேடில் நம்மவர்களுக்கென்று ஒரு மைதானம் வந்தது. இளைஞர்களைச் சேர்த்து, பழக்கி, வெள்ளையரோடு சரிசமமாக மோதும் அளவுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்து அவர் போட்ட பெரிய திட்டம், ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் பிரசிடென்சி மேட்ச். 1908 டிசம்பரில், அதே சேப்பாக்கத்தில், எல்லா ஏற்பாடும் தயார். பார்க்கத்தான் மனுஷர் இல்லை! மேட்சுக்குச் சற்று முன்பே காலமாகிவிட்டார். வயது நாற்பதுதான்.

ஆனாலும் மேட்ச் நடந்தது. பிற்பாடு வருஷா வருஷம் பொங்கல் மேட்ச்சாக, 1950-களின் தொடக்கம் வரை நின்றது. மகன் கோட்டா ராமசாமி கிரிக்கெட் டெஸ்டிலும் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

புச்சி பாபு கோப்பைக்கு ஆடப் போகும் தம்பிகளே, பேட்டைத் தூக்கும் முன் அந்த மரத்தடியை ஒரு நிமிஷம் நினையுங்கள்.