நகராட்சியைக் கணக்குக் கேட்ட ஜோதிராவ் புலே

மகாத்மா ஜோதிராவ் புலே என்றதும், 1848இல் துணைவியார் சாவித்திரிபாயுடன் புனாவில் தொடங்கிய பெண்கள் பள்ளியும், 1868இல் தீண்டப்படாதார்க்குத் திறந்துவிட்ட தம் வீட்டு நீர்த்தொட்டியும் நம் நினைவிற்கு வரும். அண்ணல் அம்பேத்கர் தம் ஆசான்கள் மூவருள் ஒருவராக அவரைப் போற்றியதையும் நாம் அறிவோம். ஆனால் 1876 முதல் சில ஆண்டுகள் புனா நகராட்சியின் நியமன உறுப்பினராக அவர் ஆற்றிய பணியை நம் இளைஞர் பலர் அறியார்.

நகரில் சாராயக் கடைகள் பெருகவே, 1880இல் புலே நிர்வாகக் குழுத் தலைவருக்கு எழுத்து மூலம் முறையிட்டார். மக்கள் உடல்நலங் காக்கச் சுகாதாரத் துறை நடத்தும் நகராட்சி, குடும்பங்களைச் சீரழிக்கும் கடைகளைக் கண்டும் வாளாவிருப்பது எங்ஙனம் முறையாகும் என்பதே அவர் வாதம். கடைகள் எத்துணை பெருகியுள்ளன என்று கணக்குக் கேட்டார். அவற்றின்மீது நகராட்சி வரி விதிக்க வேண்டினார். சாராயமோ அரசுக்கு வருவாய் தரும் பண்டம். இவரோ அரசால் நியமனம் பெற்றவர். இதனை நாம் மறத்தலாகாது.

அதே ஆண்டில் வைசிராய் லிட்டன் பிரபுவின் வரவேற்பிற்கு நகராட்சி ஆயிரம் ரூபாய் செலவிட முற்பட்டது. அத்தொகை ஏழைகளின் கல்விக்கு ஆகட்டும் என்றார் புலே. தீர்மானம் நிறைவேறிற்று. நியமன உறுப்பினர் 32 பேருள் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே.