காணாத துணையைக் கணித்தவர்

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் 1813ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் பொறியியல் படை அலுவலராக இந்தியாவுக்கு வந்து, நில அளவைப் பெரும்பணியில் ஈடுபட்டார். நிலத்தை அளந்த கை, விண்ணை அளக்கவும் விழைந்தது. 1842இல் புனேயில் சொந்தமாக ஒரு சிறு வானாய்வுக்கூடம் அமைத்து, இரட்டை விண்மீன்களை அளந்து பட்டியலிட்டார். 1848இன் இறுதியில் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அங்கே அவர் கருத்தை ஈர்த்தது, 70 ஒஃபியூகி என்னும் இரட்டை விண்மீன். ஆடி மாதத்து முன்னிரவில் காரைக்குடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஏறத்தாழ உச்சிவானில் மங்கிய ஒற்றைப் புள்ளியாக அது தெரியும். உண்மையில் அங்கே இரண்டு விண்மீன்கள் ஏறக்குறைய 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. அவற்றின் நீள்வட்டப் பாதையைக் கணித்த ஜேக்கப், அளவீடுகள் கணக்கோடு ஒட்டாமல் ஒரு காலத்தில் முந்தியும் மறு காலத்தில் பிந்தியும் நிற்பதைக் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று ஈர்ப்பதே இதற்குக் காரணமாகலாம் என 1855இல் எழுதினார். சூரியக் குடும்பத்திற்கு அப்பால் ஒரு கோள் உண்டு என்று அளவீட்டைச் சான்றாக வைத்து எழுந்த முதற்குரல்களுள் ஒன்று, இவ்வாறு சென்னையிலிருந்து ஒலித்தது.

அந்தக் கோள் மெய்ப்படவில்லை. அதே விண்மீனுக்குப் பின்னாளில் வேறொருவர் கற்பித்த துணை நிலைத்திருக்கவே இயலாது என்று 1899இல் மோல்டன் நிறுவினார். ஆயினும் ஜேக்கப்பின் முறையைப் பிழை எனல் தகாது. அன்றைய அளவீடுகளின் நுண்மையே போதவில்லை. அல்கோல் என்னும் இணையில் ஒரு விண்மீன் மற்றொன்றை 2 நாள் 20 மணி 49 நிமிடத்திற்கு ஒருமுறை மறைக்கிறது. இத்தகைய இணையை மூன்றாவது துணையொன்று ஈர்த்தால், இணை நம்மை நெருங்கும்போது மறைப்பு சற்று முந்தியும், விலகும்போது சற்றுப் பிந்தியும் தெரியும். ஒளி கடக்கும் தொலைவு மாறுவதே காரணம். இன்றும் இப்படித்தான் காணாத துணைகளைத் தேடுகின்றனர்.

இந்திய வெயிலில் ஜேக்கப்பின் உடல்நலம் பலமுறை குலைந்தது. 1859இல் பதவி விலகினார். எனினும், மலையுச்சியின் தெளிந்த காற்றில் வானை ஆராயும் ஆசை அவரை விடவில்லை. 9 அங்குலத் தொலைநோக்கியை மலைமேல் நிறுவும் திட்டத்தோடு 1862 ஆகஸ்டில் பம்பாயில் வந்திறங்கினார். சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 16 அன்று, புனேயில் காலமானார். பெசல் கணித்திருந்த சிரியசின் காணாத துணையை அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் கண்ணால் கண்டது அவ்வாண்டின் சனவரியில்தான்.